சூரணத்தின் ஈரப்பதன்

2009 ஆம் ஆண்டு, யூன் 3. கச்சான் காற்றுடன் கூடிய கடும் வெயில்.

ஆய்வுகூட அலுவலர் பாலசுந்தரம் ஐந்தாவது தடவையாகத் தோணியேறி, கொக்கட்டிச்சோலை வைத்தியர் கேதீஸ்வரியிடம் திரிபலாச் சூரணத்தின் மாதிரி பெற வந்தார்.

“இன்னும் என்ன குறை, சேர்?”

“ஈரப்பதன் கொஞ்சம் கூடவாம். திரும்பப் பார்க்க வேணுமாம்.”

“சரிவராட்டி ஆஸ்பத்திரிக்குக் குடுக்க ஏலாதென்ன?”

“ஓம். அடுத்த கிழமையும் வாறன்.”

அவள் சூரணப் பொட்டலத்துடன் ஒரு கடிதத்தையும் நீட்டினாள். சூரணம் சகல தரநியமங்களுக்கும் அமைவானது என ஆய்வுகூடத்தின் தலைமை அலுவலகம் அதில் அறிவித்திருந்தது. அவர் அதை இருமுறை வாசித்தார்.

“இது எப்ப வந்த?”

“நீங்க மூணாந்தரம் வர முதலே.”

“பிறகேன் ஒவ்வொருக்காவும் சூரணம் தந்தீங்க?”

“நீங்க அதத்தானே கேட்டீங்க. வேற ஒண்டும் கேக்கல்லயே.”

நாற்பது வயதுவரை தனித்திருந்த பாலசுந்தரம், தம்மை மணக்கச் சம்மதமா என்று அப்போது கேட்டார். அவள் சிரித்தபடி தலையசைத்தாள்.

மாதிரி எடுக்கும் பணி பிற்பகல் 3.20 மணிக்கு நிறைவெய்தியது.