பிடிக்காததைக் காட்டாத கண்ணாடி

எங்கள் கம்பெனி விருந்தினருக்குக் கொடுக்கும் டைவிங் கண்ணாடி, அவர்களுக்குப் பிடிக்காத எதையும் காட்டாது. செத்து வெளுத்த பவளம் சிவப்பாகத் தெரியும். கடல்பாசி எடுக்கும் பெண்கள் தெரியவே மாட்டார்கள்.

கடலடிக் குன்றின் உச்சியில் அம்மா மூச்சை அடக்கிப் பாசி பறித்துக்கொண்டிருந்தார். நான் கூட்டிப்போன விருந்தினர் போட்டோவுக்காக அங்கே ஏறி நின்றார். நின்றது அம்மாவின் கைமேல். கையை உருவ முடியாமல் அம்மா துடித்தார், வாயிலிருந்து குமிழிகள் கிளம்பின. நான் அந்த ஆளை நெஞ்சில் உதைத்துத் தள்ளினேன்.

படகில் மேலாளர் சுதர்சன் கத்தினார். "டிகிரி முடிச்ச பொண்ணுன்னு வேலைக்கு எடுத்தா, கெஸ்ட்டையே உதைப்பியா ஜெனோவா?"

"எங்கம்மா கையை மிதிச்சுக்கிட்டு நின்னாரு சார். செத்திருப்பாங்க."

"அங்க யாருமே இல்லையே," என்றார் விருந்தினர்.

அவர் கண்ணாடி எடுத்த வீடியோவை ஓடவிட்டார்கள். அழகான சிவப்புப் பவளம். அதன் நடுவே பைத்தியக்காரிபோல் பாய்ந்து வருகிறேன் நான்.

பக்கத்தில் மிதந்த சின்ன வத்தையில் அம்மா நசுங்கிய விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இவளால வீடியோவே கெட்டுப்போச்சு," என்றார் விருந்தினர்.

"சாரி சார்," என்று குழைந்தார் சுதர்சன். "நாளையிலேர்ந்து கைடுங்களும் கண்ணாடியில தெரிய மாட்டாங்க."

ரொம்ப நல்லது. அடுத்த முறை உதைப்பது யார் என்று விருந்தினருக்குத் தெரியாது.