வத்தல் மண்டி வேலை

எட்டு வருஷ சர்வீஸ் மிச்சமிருக்கும்போதே தாலுகா ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வந்த காசிராஜனுக்கு, அந்த எண்பத்திரண்டாம் வருஷ ஆடியில் மூச்சுவிட நேரமில்லை.

“ரிட்டையரானா வீட்ல இருப்பீயன்னு பார்த்தா, வத்தல் மண்டி வேலைக்குல்லா ஓடுதீய! காலு ரெண்டும் வீங்கிக் கிடக்கு” என்றாள் மனைவி ஆவுடையம்மாள்.

“மண்டியில உக்கார விடமாட்டாவ, ஏட்டி” என்றபடி கிளம்பினார்.

மண்டி வேலையே கிடையாது. அவளுக்கு வயிற்றில் புற்று, தீபாவளி தாண்டாது என்று டாக்டர் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் கோயிலில் கோமதியம்மனை ஆயிரத்தொரு சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டு, பகல் முழுக்கப் பிராகாரத்தில் நடந்தார். பற்றிக்கொள்ள அவருக்கு வேறெதுவும் இல்லை.

தொள்ளாயிரத்து நாற்பதாவது சுற்றில், முன்னால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தவளைப் பார்த்ததும் தூண் மறைவில் ஒதுங்கினார். ஆவுடையம்மாளேதான். கூட அடுத்த வீட்டுச் சீனியம்மாள்.

“இந்த உடம்போட எதுக்கு மைனி சுத்துதீய?”

“டாக்டர் அவர்ட்ட சொன்னது, கதவுக்கு வெளிய நின்ன என் காதுலயும் விழுந்துட்டு, சீனி. எனக்காக ஒண்ணும் கேக்கலை. நான் போயிட்டா அந்த மனுசன் மூலையில முடங்கிருவாரு. மண்டி வேலை அவருக்கு நிலைக்கணும்னுதான் சுத்துதேன்.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“ஏட்டி, முதலாளி இன்னைக்கு என் வேலையை நிரந்தரமாக்கிட்டாரு.”

ஆவுடையம்மாள், கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கைகூப்பினாள்.