இழுத்தால் அகலும் துணி

காலர் பின்னும் எந்திரத்தின் இரைச்சல் நிற்கிறது. மகள் சுபஸ்ரீ பின்னிய துணித்துண்டை முதலாளி வெள்ளியங்கிரி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் இழுக்கிறார். இழுத்தால் ஒடுங்கவேண்டிய துணி அகலமாகிறது. "ஆர்டர் ஓடற மெஷின்ல டேமேஜ் துணி ஓட்டி வெச்சிருக்கறே." "டேமேஜ் இல்லீங்கப்பா. இழுத்தா விரியோணும்னே பின்னுனது, நூல்ல இல்லாத குணம் பின்னல்லயே வர்ற மெட்டாமெட்டீரியலுங்க. நாளைக்கு பிஎச்டி இன்டர்வியூல காட்டோணும்." "பேரு வெச்சுட்டா டேமேஜ் சரியாயிருமா? பனியன் கம்பெனிக்குள்ளயே வளந்தவளுக்குத் துணியப் பத்திப் படிக்க வெளியூரு வேணுமாமா." கத்தரிக்கோல் நடுவில் இறங்குகிறது. ஒரு பாதி வேஸ்ட் மூட்டைக்குள் விழுகிறது. மறுபாதியால் எந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறார். சுபஸ்ரீ அதன் முனையைப் பற்றுகிறாள். அவர் விடுவதாயில்லை, அவளும்தான். இருவரும் இழுக்க இழுக்க, நடுவில் துணி அகன்றுகொண்டே போகிறது.