ஓங்கி ஒன்று, மெல்ல ஒன்று

மீன் கம்பெனியின் குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மரியசூசைக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்ததால் கத்த வரவில்லை. கைமுட்டியால் இடித்தார். வெளியே இறால் உரிக்கும் பெண்கள் சிரித்தார்கள். ஐம்பது வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து, இங்கிலீஷ் சொற்களை அசை பிரித்து, அழுத்தும் அசைக்கு ஓங்கியும் மற்றதற்கு மெல்லவும், கண்ட இடத்திலெல்லாம் தட்டிப் படிப்பவர் அவர்.

"அண்ணன் பாடம் படிக்குது!"

அவர் இன்னும் பலமாக இடித்தார்.

"நேத்துப் படிச்ச ஐஸ்பாக்ஸ்தானே? ரெண்டையும் ஓங்கி அடிக்கியளே," என்று கூடப் படிக்கும் பிலோமினா கதவிடுக்கில் கத்தினாள். "ஐஸுக்கு மட்டுந்தாண்ணே ஓங்கணும்!"

விரல்கள் மரத்துவிட்டன. ஓங்கி ஓர் இடி விழுந்தது. அடுத்ததற்குக் கை எழவில்லை. கதவில் உரசியபடி கீழே இறங்கியது.

"ஆங், இப்ப சரி," என்றாள் பிலோமினா.