வாசலைவிடப் பெரிய படம்

"இந்த ஆளை மட்டும் பொம்பளையா மாத்திரு, மருது. பத்து மணிக்குள்ள முடியணும்."

ஜனகராஜ் காட்டிய படத்தை மருது தலையைச் சாய்த்துப் பார்த்தான். எட்டடிக்கு ஆறடி. லண்டன் விமான நிலையம், பாஸ்போர்ட் வரிசை. ஒரே போர்வைக்குள் இரண்டு ஆண்கள். ஒருவன் தோளில் இன்னொருவன் சாய்ந்து தூங்குகிறான்.

தோள் கொடுத்தவன் ஜனகராஜின் மகன் ரவிசங்கர். போன விடுமுறையில் வந்தவன் இதே ஹாலில் ஒரு மாதம் நின்று வரைந்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிவிட்டான். சாய்ந்திருப்பது யாரென்று கேட்டதற்கு, "என்கூட வாழுறவர்ப்பா" என்றான். அதற்குமேல் ஜனகராஜ் கேட்கவில்லை.

"கழட்டி மாடியில போட்ருவோம்ணே."

"வாசலைவிடப் பெருசுடா. துணி போட்டு மூடினாலும் வாரவங்க விலக்கிப் பாத்துர்றாங்க. மூணு சம்பந்தம் போச்சு. எம்பொண்ணு இந்துப்ரியாவுக்கு முப்பத்தொண்ணு ஆகுது."

அவனியாபுரத்துச் சுவர்களில் விளம்பரம் எழுதுகிறவன் மருது. அவனுக்கு வரையத் தெரிந்த பெண் ஒருத்திதான், நகைக்கடை விளம்பரத்துக்காரி. ஒரு மணி நேரத்தில் அவள் போர்வைக்குள் வந்துவிட்டாள். மூக்குத்தி, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய ஆரம். அந்த வரிசையில் எல்லோரும் தூங்கி வழிய, அவள் மட்டும் சிரித்தாள்.

"மூடுன கண்ணு எனக்கு வராதுண்ணே. எனாமல் ஈரமா இருக்கு, யாரையும் தொட விட்றாதீங்க."

மருது சைக்கிளை எடுக்கவும் ஆட்டோ வரவும் சரியாக இருந்தது. பழங்காநத்தத்திலிருந்து சாரதாம்பாளும் அவள் கணவர் விஜய்ஆனந்தும் பூ, பழத் தட்டோடு இறங்கினார்கள். 'உங்க வீட்டுல சம்பந்தம் பண்ண ஆசைப்படுறோம்' என்று போனில் அவர்களாகவே கேட்டிருந்தார்கள். பையன் லண்டனில். ஜனகராஜ் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் வரவேற்று, பதற்றத்தில் தமிழுக்குத் தாவினார்.

"எங்க ரவியும் லண்டன்தான்."

"தெரியுமே," என்றாள் சாரதாம்பாள். "ரவி சமைப்பாரா?"

"பிரமாதமா."

"கோவம் வருமா?"

"சேச்சே!"

மச்சினனைப் பற்றியே இவ்வளவு விசாரிக்கிறார்கள் என்றால் விவரமான குடும்பம்தான் என்று நினைத்துக்கொண்டார். இந்துப்ரியா பட்டுச் சேலையில் காபி கொண்டுவந்தாள். "நல்லா இரும்மா" என்று வாங்கிக்கொண்ட சாரதாம்பாள் அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். எழுந்து கிட்டே போனாள். முகம் சுருங்கியது.

"ரவி தோள்ல சாஞ்சிருக்கே, அது யாருங்க?"

இதற்குத்தான் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தார் ஜனகராஜ்.

"என் மருமக. லண்டன்லயே ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க. நம்ம ஆளுகதான். அடக்கமான பொண்ணு."

விஜய்ஆனந்த் காபி டம்ளரைக் கீழே வைத்தார். சாரதாம்பாள் பழத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"கிளம்புங்க," என்றாள் கணவரிடம்.

"என்னங்க இது? பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம..."

"பொண்ணைக் கேட்டு யாருங்க வந்தா? உங்க ரவிக்கு எங்க முகேஷைப் பேசத்தான் வந்தோம். நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்காங்களே, நாமளாவது முறையா தட்டு மாத்திப்போம்னு எம்புட்டு ஆசையா வந்தோம்! பாவி, பொண்டாட்டி இருக்கிறதையே எங்க பிள்ளைகிட்ட மறைச்சிருக்கானே உங்க மகன்!"