விற்பனைக்கு இல்லை

ஹர்மட்டான் காற்றின் புழுதியில் பெனின் நகரத்து மாலை வெயில் வெளிறிப்போய்ச் சுற்றுச்சுவரில் சாய்கிறது. இட்டோஹான் சுவரை முறைத்தபடி நிற்கிறாள். பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்பவள். வேலை நடக்கும் வீட்டிலேயே ஒரு கட்டிலும் ஒரு பெட்டியுமாகத் தங்கிக்கொள்பவள். மூன்று பூச்சு வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு எழுத்துகள் மறுபடியும் கசிந்து வந்திருக்கின்றன: ‘இந்த வீடு விற்பனைக்கு இல்லை.’ எவனாவது தனக்குத் தெரியாமல் விற்றுவிடுவானோ என்று பயந்து முந்தைய வீட்டுக்காரர் எழுதி வைத்தது. “என்னை முறைக்காதீங்க மேடம், அந்த மனுஷன் அசல் எண்ணெய்ப் பெயின்ட்ல எழுதியிருக்கான். இன்னும் ரெண்டு டின் வேணும்” என்கிறான் ஒப்பந்தக்காரன் ஒசாரெட்டின், பிரஷைக் கழுவிக்கொண்டே. “போன வாரமும் இதையேதான் சொன்னே. நாளைக்கு வீடு பார்க்க ஆள் வராங்க. இதையா காட்டுறது?” “அப்போ சுவத்தையே இடிச்சிடலாம்.” அவன் சிரிக்கிறான்; அவள் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் இருமி உயிர் பெறுகிறது. அங்கே யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அவள் விரல் ஒரு சிவப்பு எழுத்தின் வளைவில் மெதுவாக நகர்கிறது. “உங்க சொந்த வீட்டுலயும் இப்படி எழுதி வச்சிருக்கீங்களா மேடம்?” “எந்த வீட்டுல?” என்று கேட்கிறாள், மெல்லத்தான். ஒசாரெட்டினின் கை பிரஷோடு தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிடுகிறது.