அப்பாவின் ரிவால்வர்

மகன் துணியை விலக்கி ரிவால்வரை மேசைமேல் வைத்ததும், தேநீர்த் தட்டோடு வந்த சித்தியின் கை நடுங்கியது. இரண்டு கோப்பையும் தளும்பித் தட்டெல்லாம் தேநீர்.

“பாத்தீங்களா சார்? துப்பாக்கியைக் கண்டாலே இதுக்கு உதறல்” என்று சிரித்தான் மகன். “இத்தனை வருஷம் ஒரு வீரனோட குடும்பம் நடத்தியிருக்கு. ஒரு துளி தைரியம் ஒட்டலை பாருங்க.”

ஏலக் கம்பெனியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் இறந்துபோன சுங்க அதிகாரிக்கு இவன் ஒரே மகன், மூத்த தாரத்துப் பிள்ளை. வீடும் துப்பாக்கியும் இவனுக்கு வந்துவிட்டன. இரண்டாம் தாரமாக வந்து இவனை வளர்த்த சித்திக்கு முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் பார்த்து வைத்திருந்தான்.

“எங்க கொள்ளுத்தாத்தா வச்சிருந்தது சார். எப்படியும் நூத்தம்பது வருஷம் தாண்டும்.”

மதிப்பீட்டாளர் குழலுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணையும் முத்திரையையும் உற்றுப் பார்த்தார். “கொள்ளுத்தாத்தா எப்போ தவறினார்?”

“அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடியே. எண்பது வருஷம் இருக்கும்.”

“அப்போ மேல போய்த்தான் வாங்கி அனுப்பியிருக்கணும். இதுக்கு எழுபது வயசுகூட ஆகலை.” அவர் குழலைத் திருப்பினார். “இதை இப்படிப் பளபளன்னு தேய்ச்சது யாரு?”

“நான்தான். உப்புத்தாள் போட்டு ரெண்டு நாள் தேய்ச்சேன்” என்றான் மகன் பெருமையாக.

“அந்தப் பழைய பூச்சுக்குத்தான் சார் விலை. பாதி விலையை நீங்களே தேய்ச்சுக் கொட்டிட்டீங்க.”

மகனுக்கு முகம் கறுத்தது. கோபத்தை இறக்கி வைக்க வழக்கமான இடத்தைத் தேடினான். “என்ன வேடிக்கை இங்க? போய்ப் பெட்டியைக் கட்டு. நாளைக்குக் காலையில வண்டி வந்துடும்.”

சித்தி நகரவில்லை. சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“துப்பாக்கியை விடுங்க சார், இதோட கதைக்கு விலை போடுங்க” என்று மகன் சுவரைக் காட்டினான். அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்பாவின் படமும், அதன் கீழே ஒரு வீரப் பதக்கமும் இருந்தன.

“எனக்கு அப்போ மூணு வயசு. ஜெயில்ல இருந்து தப்பிச்ச ஒருத்தன், ரெண்டு பேரைக் கொன்னவன், பட்டப்பகல்ல வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டான். இதே கூடத்துல என்னைத் தூக்கிக் கழுத்துல கத்தியை வச்சுட்டான். அப்பா மாசத்துல பாதி நாள் வெளியூர். அன்னைக்கு வீட்டுல இருந்தது என் நல்ல நேரம். அதோ, அந்த மாடிப்படியில நின்னு சுட்டார். ஒரே குண்டு. அவன் தோள்பட்டை போச்சு, என் மேல ஒரு கீறல் இல்லை. அதுக்குத்தான் அந்தப் பதக்கம்.”

“அம்மா எங்க இருந்தாங்க?”

“இதுவா? சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னாடி. சாகிற வரைக்கும் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.”

மதிப்பீட்டாளர் ரிவால்வரின் கைப்பிடியை வெளிச்சத்தில் பிடித்தார். மரத்தின் இரண்டு பக்கமும் அரத்தால் ராவி மெலிதாக்கப்பட்டிருந்தது. “உங்கப்பாவுக்குச் சின்னக் கையா சார்?”

“அவருக்கா? முறம் மாதிரி கை! ஒரு அறை விட்டார்னா காதுல ரயில் ஓடும்.”

“ம்.” அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். “வெறும் துப்பாக்கியா இதுக்குப் பெரிய விலை இல்லை. நீங்க சொன்ன கதை உண்மைன்னா பத்து மடங்கு போகும். ஆனா நேர்ல பாத்தவங்க சொல்லணும்.”

“அவ்வளவுதானே? இதோ நிக்குதே.” மகன் விரலைச் சொடுக்கினான். “சித்தி, இங்க வா. அப்பா சுட்டதைப் பாத்தேன்னு சார்கிட்டச் சொல்லு. போறதுக்கு முன்னாடி இந்த ஒண்ணையாவது உருப்படியா செய்.”

சித்தி வாயைத் திறப்பதற்குள் மதிப்பீட்டாளர், ரிவால்வரில் குண்டு இல்லை என்பதை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நகர்த்தினார். “முதல்ல இதைக் கையில எடுங்கம்மா.”

“ஐயோ சார், கீழே போட்டுத் தொலைச்சிடும்!”

சித்தி ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ராவிய மரத்தில் அவளுடைய விரல்கள் அச்சில் வார்த்தது போல் பொருந்தின. இப்போது கையில் நடுக்கம் இல்லை. கட்டைவிரல் தானாகப் போய்த் தோட்டா உருளையைத் தள்ளித் திறந்தது. உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு, பழகியவள் போலச் சட்டென்று மூடினாள்.

மகன் சுவரிலிருந்த பதக்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

மதிப்பீட்டாளர் நாற்காலியை விட்டு எழுந்தார். மரியாதையாகக் கேட்டார்: “அன்னைக்கு எத்தனை தடவை சுட்டீங்கம்மா?”

“ஒரே தடவைதான் தம்பி. அந்தச் சத்தத்துக்கே இவங்கப்பா மயக்கம் போட்டு விழுந்துட்டார்.”